கை நனைக்க ஓர் ஆள்

என் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. இதை வருத்தத்தில் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்த வருடம் சாத்தூர் வட்டாரத்தில் என் வாய்க்கு இருந்த மவுசு எந்தப் பேச்சாளர் வாய்க்கும் இருந்ததில்லை.

பெயர் தங்கப்பழம். பேருந்துக்குள் கண்டக்டர் என்றொரு ஆள் நடமாடிய காலத்தின் கடைசிக் கண்டக்டர்களில் ஒருவன். சாத்தூர்–விருதுநகர் தடம். சர்க்கரை நோய் வந்து ஈறு இளகி, பற்கள் நிறுத்தத்துக்கு ஒன்றாக இறங்கிப் போயின. கடைசிப் பல் போன சமயத்தில் பேருந்துகளும் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டன. இரண்டு பேரையும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், என்னையும் என் விசிலையும். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. ஓய்வூதியத்தையும் காப்பியில் ஊறவைத்த காராச்சேவையும் வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் பல்லுப் போலீஸ் வந்தது.

அரசு வைத்த பெயர் நலமணி. மக்கள் நலக் காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கடைவாய்ப் பல்லில் கடுகளவு மணி ஒன்றை ஒட்டிவிடுவார்கள். வாய்க்குள் என்ன போனாலும் அதற்குத் தெரிந்துவிடும். கீரையும் சுண்டலுமாகத் தின்று, மாலையில் நாலு தெரு நடந்தால் குடும்ப அட்டையில் காசு ஏறும். சீனியோ பொரித்ததோ அளவு மீறினால் மணி சில்வண்டு போலக் கத்தும், காசு நின்றுவிடும். இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய பரிசு ஒன்று இருந்தது. ஒரு குடும்பத்தில் யாருடைய பல்லும் ஓர் ஆண்டு முழுக்கக் கத்தாமல் இருந்தால் அதற்குப் பெயர் நிறைவாண்டு. நிறைவாண்டுக் குடும்பத்துக்கு எந்த அறுவை சிகிச்சையானாலும் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே நடக்கும். மற்றவர்களுக்கும் இலவசம்தான், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எப்போது நகரும் என்பது வரிசையில் நிற்பவர்களுக்கே தெரியாது. வீட்டில் ஒரே ஒருவர் ஒரே ஒரு ஜாங்கிரி தின்றாலும் எல்லாருடைய கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

பொய் சொல்லக்கூடாது, ஊர் இளைத்தது. தொப்பைகள் உள்ளே போயின. நாற்பது வயதில் மூச்சு வாங்கியவர்கள் ரயில்வே மேம்பாலத்தில் ஓடி ஏறினார்கள். ஆனால் ஒரு சிக்கலைத் திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய் 'எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்று சொன்னால், உடம்பு சரியில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உன் உறவே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் கணக்கு. முதல் வருடத்தில் மட்டும் சாப்பிடாமல் எழுந்து வந்ததற்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள், வளைகாப்புக்கு வந்தவர்கள் ஜென்மப் பகையாளிகளானார்கள். மண்டபங்களில் பாயசம் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

திட்டம் போட்டவர்கள் யோசிக்காத இன்னொன்று, நான். பல் இருந்தால்தானே மணி ஒட்ட முடியும். பல்லில்லாதவன் கஞ்சியைத் தவிர வேறெதைக் குடிக்கப் போகிறான் என்று நினைத்து எங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். என் ஈறைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும். முறுக்கைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது போதும்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புதுமனை புகுவிழாவுக்குக் கூட்டிப் போனார். "இவரு எங்க வீட்டு ஆளு, எங்க சார்பா சாப்பிடுவாரு" என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் சாப்பிட்டேன். வீட்டுக்காரர்களுக்கு மனம் குளிர்ந்தது, அவர் பல்லும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. ஆடி கழிந்ததும் கையில் கூலியோடு என்னிடம் தேதி கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒரே முகூர்த்தத்தில் மூன்று பந்திகளில் மூன்று குடும்பங்களுக்குச் சித்தப்பாவாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. வெறுமனே கிடந்த மனுஷனைப் பார்த்துத் தெருவே "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

செண்பகம் மட்டும் என்னை அண்ணாச்சி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் சார் என்றுதான் சொல்வார்.

செண்பகம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தார். அண்ணனும் அண்ணியும் விபத்தில் போனபோது அவர்கள் மகன் பூவேந்தன் கைக்குழந்தை. அவனை வளர்க்க வேண்டும் என்று கல்யாணப் பேச்சையே ஒதுக்கிவிட்டார். தையல் மெஷினை மிதித்து மிதித்துப் பையனை இன்ஜினியர் ஆக்கினார், இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்கு வர அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பயணமே போக வேண்டும். முட்டியை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அத்தையும் மருமகனும் நிறைவாண்டு நோற்றுக்கொண்டிருந்தார்கள். மார்கழி பாதியில் முடிய வேண்டிய ஆண்டு அது.

அவர்களுக்காக நான் விருந்துகளுக்குப் போய் வருவேன். மற்ற வீடுகளில் 'சாப்பிட்டாச்சு' என்றால் போதும், கதவைச் சாத்திக்கொள்வார்கள். செண்பகம் விடமாட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரணையைத் தொடங்குவார்.

"லட்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா என்ன அர்த்தம்? பூந்தி முறுகலா, பதமா?"

"பதம்தான். வாயில வச்சதும் உதிர்ந்துருச்சு."

"பச்சைக் கற்பூரம் போட்டிருந்தாங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை. அவர் முகம் வாடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாயையும் கவனித்துத்தான் சாப்பிட்டேன். குருமாவில் கசகசா அரைத்திருக்கிறார்களா, ரசத்தில் மல்லித்தழையை எப்போது போட்டார்கள் என்று துப்பறிந்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டுவார், தொண்டை ஏறி இறங்கும். அறுபத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விருந்துக்காக நான் விருந்துக்குப் போகவில்லை. அந்த நாற்காலிக்காகப் போனேன்.

இதற்கிடையில் என் வலது காலில் பெருவிரல் ஓரமாகப் புண் ஒன்று வந்தது. ஆறவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சின்னப் பெண், சிரித்துக்கொண்டேதான் பேசுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல சர்க்கரை நோய் பாதியா குறைஞ்சிருக்கு. எங்களுக்கு விருதெல்லாம் குடுத்தாங்க. குறைஞ்சதெல்லாம் எங்க போச்சுன்னு எனக்கு ஒரே யோசனை. மொத்தமும் உங்க ஒருத்தர் உடம்புல வந்து உக்காந்திருக்கு."

"எடுத்துடலாமா டாக்டர்?"

"சர்க்கரையை எடுக்க முடியாது. இப்படியே விருந்து சாப்பிட்டீங்கன்னா விரலைத்தான் எடுக்கணும். அப்புறம் பாதம்."

வெளியே வந்து கட்டுக்கு மேல் ஒரு காலுறையை மாட்டிக்கொண்டேன். செண்பகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் இனிமேல் போக வேண்டாம் என்பார். விருந்துக்குப் போகாதவனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

கார்த்திகை முடியப் போகும் சமயத்தில் ஒருநாள் அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். பூவேந்தன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான்.

"சார், இவன் ஒரு பொண்ணைப் பார்த்து வச்சிருக்கான்."

"நல்லது. எந்த ஊரு?"

"விருதுநகர். பேரு இசைச்செல்வி. அங்க ஆஸ்பத்திரியில நலமணி ஒட்டுறாளாம். இவன் மணி லூசாயிருச்சுன்னு போயிருக்கான். அதுக்கப்புறம் மாசத்துக்கு மூணு வாட்டி லூசாயிருக்கு."

பூவேந்தன் காலால் தரையைத் தேய்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுல என்னம்மா கஷ்டம்?"

"அவளோட அப்பா ஜெயராசன் எண்ணெய்ப் புரோட்டா கடை வச்சிருக்காரு. காப்பீடே வேண்டாம்னு இருக்கிற மனுஷன். பொண்ணு பார்க்க வர்றவங்க என் வீட்ல என் புரோட்டாவுல கை நனைக்கணும், இல்லாட்டி சிவகாசிச் சம்பந்தத்தை முடிச்சிடுவேன்னு சொல்லிட்டாராம்."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: பெண் பார்க்கப் போகிற வீட்டில் பிடிக்கவில்லை என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது.

"மார்கழி பாதி வரைக்கும் பொறுக்கச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"மார்கழியில யாரு சம்பந்தம் பேசுவா? கார்த்திகைக்குள்ள கை நனைக்கலன்னா சிவகாசின்னுட்டாரு."

பூவேந்தன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "வேண்டாம் மாமா. அத்தை முட்டிதான் முக்கியம். நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. செண்பகம் அவனைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கை நனைத்தால் முட்டி போச்சு, நனைக்காவிட்டால் பெண் போச்சு. நடுவில் நான் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு எதற்கு இருக்கிறேன்?

"நான் வர்றேன்" என்றேன். "உங்க தூரத்து அண்ணன் முறைன்னு சொல்லுங்க."

"அண்ணன் முறையெல்லாம் வேண்டாம்" என்றார் செண்பகம் பட்டென்று. "சொந்தக்காரர்னு மட்டும் சொல்லுவோம்."

கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். ஆளில்லாப் பேருந்து என் பழைய தடத்திலேயே எங்களைக் கொண்டுபோய் இறக்கியது. ஜெயராசன் வாசலிலேயே நின்றிருந்தார். அகலமான ஆள், புருவத்தில்கூட எண்ணெய் மினுங்கியது. கூடத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த வாசனையில் என் ஈறு ஊறியது. எண்ணெய்ப் புரோட்டா தெரியுமில்லையா? கல்லில் வாட்டுவதில்லை, எண்ணெயில் முங்கவிட்டுப் பொரித்தெடுப்பது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று. பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட்டால் பல்லே தேவையில்லை.

இசைச்செல்வி சால்னா வாளியோடு வந்தாள். துறுதுறுவென்ற பெண். பூவேந்தனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் மறுபடியும் தூக்கினாள்.

"தாயில்லாம வளர்ந்த பிள்ளை" என்றார் ஜெயராசன். "ஊருக்கெல்லாம் போலீஸ் வைக்கிற வேலை இவளுக்கு. வீட்ல திருடன் நான்."

"அப்பா, சும்மா இருங்க."

"ஏன் சும்மா இருக்கணும்? அப்பப்போ ஒரு புரோட்டா தின்னு செத்தவன் எத்தனை பேரு? சாரை சாரையா ஆளு வந்த கடை. இப்ப காத்தாடுது. சரி, உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க."

செண்பகம் நாங்கள் ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னார். "எனக்குக் கீழே உக்கார முடியாதுங்க, முட்டி. தம்பி காலையிலேயே சாப்பிட்டுட்டான். எங்க சொந்தக்காரர் எங்க எல்லாருக்குமா சேர்த்துச் சாப்பிடுவாரு."

ஜெயராசனின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் என் இலையில் இரண்டு புரோட்டாவைத் தன் கையாலேயே வைத்தார். வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... ஒம்பது மணி வண்டி கண்டக்டர்தானே?"

சாப்பிடும் முன்பே எச்சில் எனக்குப் புரையேறியது.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மைதா மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டே தீருவேன்னு நின்ன மனுஷன். தங்கப்பழம். உங்களுக்குச் சொந்தபந்தமே கிடையாதுன்னு அன்னைக்கு நீங்களே சொல்லியிருக்கீங்க." அவர் நிமிர்ந்தார். "பல்லு எங்க?"

நான் வாயை மூடினேன். மூடியதுதான் தப்பு. பல்லில்லாதவன் வாயை மூடினால் முகமே மடிந்து அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"கூலிக்குச் சாப்பிடுற ஆளா?" என்றார் ஜெயராசன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என் வீட்டுக்கு ஆளு வச்சிக் கை நனைக்க வந்திருக்கீங்க. நாளைக்கு என் பொண்ணுக்குத் தாலி கட்டவும் ஒரு ஆளை அனுப்புவீங்களா?"

இசைச்செல்வியின் கண் நிறைந்துவிட்டது. பூவேந்தன் ஓர் அடி முன்னால் வந்தான். என் இலையிலிருந்த புரோட்டாவைப் பார்த்தான், அத்தையின் முட்டியைப் பார்த்தான். கை நீண்டது, நடுவிலேயே நின்றது. அந்தப் பையன் அந்த இடத்தில் பட்ட பாட்டை நான் வேறு யாருக்கும் விதிக்க மாட்டேன்.

"முதலாளி" என்றேன். எனக்கே தெரியாத ஒரு ரோஷம் வந்திருந்தது. "கூலி வாங்கிட்டுத்தான் மத்த வீட்டுக்கு எல்லாம் சாப்பிடுறேன். இந்த வீட்டுக்கு ஒத்தப் பைசா வாங்கினதில்ல. ஒரு வருஷமா இவங்களுக்காகச் சாப்பிடுறேன். இவங்களுக்குச் சீர் சாப்பாடு, இவங்களுக்குக் கோயில் சாப்பாடு, இவங்களுக்குத் துக்க வீட்டுச் சாப்பாடு. சொந்தக்காரன் இதைவிட என்ன செய்வான்?"

சொல்லிவிட்டுப் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கி வாயில் திணித்தேன். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. சாப்பிட்டு முடித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று முட்டாள்தனமாக நினைத்தேன். சம்மணத்தை மாற்றிப் போட்டபோது வலது கால் வெளியே வந்தது.

"மாமா, நிறுத்துங்க." இசைச்செல்வி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். "காலுறை ஈரமா இருக்கு."

"தண்ணி சிந்திருக்கும்."

"தண்ணி இந்த நிறத்துல இருக்காது." ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, கேட்காமலேயே காலுறையைக் கழற்றிவிட்டாள். கட்டு நனைந்திருந்தது. "சுகர் இருக்கா உங்களுக்கு?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? இது எத்தனை மாசப் புண்ணு? இதை வச்சிக்கிட்டு எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடுறீங்களா? காலை எடுக்க வேண்டி வரும் மாமா, தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன். வாய் நிறையப் புரோட்டாவை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "டாக்டர் சொல்லிட்டாங்க. நீ இலைக்குச் சால்னா ஊத்து."

செண்பகம் நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். "பச்சைக் கற்பூரம் இருந்துச்சா, கசகசா இருந்துச்சான்னு. இந்த மனுஷன் காலுல புண்ணு இருக்கான்னு கேக்கல."

"உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்..."

"பேசாதீங்க. எந்திரிங்க."

"செண்பகம், இன்னும் கொஞ்ச நாள்தான். உங்க முட்டி..."

"இவரு காலு போய்த்தான் என் காலு வரணும்னா, அந்தக் காலு எனக்கு வேண்டாம்." இதை என்னிடம் சொல்லவில்லை, ஜெயராசனிடம் சொன்னார், நியாயம் கேட்பது போல. பிறகு என் சட்டைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். முட்டி தேய்ந்தவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, நான் எழுந்துவிட்டேன். என் இடத்தில் அவர் உட்கார்ந்தார். உட்காருவதற்குள் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பூவேந்தன் ஓடிவந்து தாங்கினான். "அத்தை, வேண்டாம் அத்தை" என்று அழுதான்.

"டேய், உனக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். கையைக் கழுவிட்டு வந்து உக்காரு."

என் இலையிலிருந்த புரோட்டாவைப் பிய்த்தார். சால்னாவை ஊற்றச் சொன்னார். இசைச்செல்வி ஊற்றினாள், பாதி பாயில் போனது. முதல் வாயை வைத்ததும் செண்பகத்தின் கடைவாயில் மணி கத்த ஆரம்பித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மென்றார். ஒரு வருடம் கழித்து எண்ணெயைப் பார்த்த முகம். இரண்டாவது வாயில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூன்றாவது வாயில் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, மாவுல தேங்காய்ப்பால் சேர்க்கிறீங்களா?" என்று ஜெயராசனைக் கேட்டார்.

"ஐயோ, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" ஜெயராசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் குழந்தை மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பொஞ்சாதி சொல்லிக் குடுத்தது. அவ போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் இதைக் கேக்கலம்மா. ஒருத்தரும் கேக்கல."

பூவேந்தன் உட்கார்ந்தான். அவன் பல்லும் கத்தியது. இசைச்செல்வி வாளியை ஓரமாக வைத்தாள். "எனக்கும் ஒண்ணு போடுங்கப்பா" என்றாள். "இதுக்கு மேலதிகாரி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." அவள் பல்லும் சேர்ந்துகொண்டது. கூடம் முழுக்கச் சில்வண்டுச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஜெயராசன் அவர்களையும் வா வா என்று இழுத்தார். யார் எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் ஒருவன்தான் வாய் காலியாக நின்றேன், எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

அப்போது செண்பகத்தின் போன் அடித்தது. நிறைவாண்டுக் கணக்கு முறிந்தால் காப்பீட்டு மையத்திலிருந்து உடனே அழைப்பு வந்துவிடும், பேசுவது எந்திரம். கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் பூவேந்தன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம், செண்பகம் அவர்களே" என்றது பதவிசான ஒரு பெண் குரல். "உங்கள் குடும்பத்தின் நிறைவாண்டு இன்று முறிந்துள்ளது. முழங்கால் சிகிச்சைக்கான முன்னுரிமை நீக்கப்படுகிறது. காரணத்தைப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா?"

"எழுதிக்கோ. கல்யாணம்."

"வாழ்த்துகள். குடும்ப அட்டையில் புதிதாகச் சேர்பவரின் பெயரைச் சொல்லுங்கள்."

"இசைச்செல்வி. தை மாசம் சேருவா."

"பதிவு செய்யப்பட்டது. வேறு யாரேனும் சேர்கிறார்களா?"

அது எல்லாரிடமும் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். செண்பகம் மெல்வதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் சுவரோரமாக ஒரு கால் வெறுங்காலாக, மறு காலில் ஈரக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"தங்கப்பழம்" என்றார். "சாத்தூர். பழைய கண்டக்டர்."

பூவேந்தனின் வாயிலிருந்த புரோட்டா இலையில் விழுந்தது.

குரல் கொஞ்ச நேரம் எதையோ தேடியது. "தங்கப்பழம், வயது அறுபத்தொன்று. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். பல் இல்லாததால் நலமணி பொருத்த இயலாது. இவர் சேர்ந்தால் உங்கள் அட்டை அதிக ஆபத்துப் பிரிவுக்கு மாறும். தினக்காசு பாதியாகும். அடுத்த நிறைவாண்டுக்கு ஓராண்டு போதாது, மூன்றாண்டு தேவைப்படும். மருத்துவ நோக்கிலும் பண நோக்கிலும் இவரைச் சேர்ப்பது பரிந்துரைக்கப்படவில்லை. இருந்தும் சேர்க்க உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றார் செண்பகம், கொஞ்சமும் யோசிக்காமல்.

"சேர்பவரும் தம் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும்."

பூவேந்தன் போனை என் பக்கம் நீட்டினான். ஊர்ப்பட்ட வீட்டுக்கெல்லாம் போய் உறவுக்காரனாக உட்கார்ந்த வாய் அது. இப்போது திறக்க மறுத்தது. எப்படியோ சொன்னேன்.

"பின்னணியில் சத்தம் அதிகமாக உள்ளது. தயவுசெய்து உரக்கச் சொல்லுங்கள்."

மறுபடியும் சொன்னேன். எல்லார் பல்லும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை நான் போட்ட கூச்சலில் தெருவில் போன பேருந்தே நின்றதாக ஜெயராசன் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.